இரட்டைத் தையல் போட்ட இலக்கம்

எங்கள் குசினி ஜன்னலுக்குக் கீழே ஒரு பார்க் இருந்தது. ஸ்ட்ரெதத்தில் இங்கிலீஸ்காரக் கவுன்சில் தந்த வீடு, மூன்றாம் மாடி. வெளிச்சத்துக்காகத் தையல் மெசினை அந்த ஜன்னலடியில்தான் போட்டிருந்தேன். கம்பனிக்காரர் வெட்டிக் கொடுக்கிற துணியை வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பது என் வேலை. பகல் முழுக்க அங்கேயே இருப்பதால் பார்க்கில் நடக்கிறதெல்லாம் கண்ணில் படும். குளிருக்கு ஜன்னல் பூட்டியே கிடக்கும். சத்தம் மட்டும் வராது. எனக்கு அது வசதி. ஆட்களைப் பார்க்க விருப்பம், ஆட்கள் என்னைப் பார்த்தால் கூச்சம். அப்படியான ஒருத்திக்கு மூன்றாம் மாடி நல்ல இடம்.

தொண்ணூறுகள் தொடங்கின நேரம். மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, புல்லெல்லாம் சேறாய்க் கிடக்கிற குளிரில், கையில்லாத சட்டையும் கட்டைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வெள்ளைக்காரர் ஓடித் திரிந்தார்கள். பந்துகூட உருண்டையாக இல்லை. என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலடிக்கு வந்தார்.

"இஞ்சேரும், உரிக்காத தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள்."

"காலாலையும் அடிக்கிறாங்கள், கையாலையும் குத்துறாங்கள். என்ன விளையாட்டப்பா இது?"

"களவெடுத்த தேங்காய் போலை. அதுதான் ஒருத்தன்ர கையிலையும் நிக்குதில்லை."

அந்தக் கூட்டத்துக்குள்ளே கறுத்த மெல்லிய கால்கள் இரண்டு ஓடுவதைக் கண்டேன். தலையைப் பார்த்தேன். என் தம்பி.

"ஐயோ, அது எங்கட தம்பியெல்லே!"

இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓம். தேங்காய்க் கள்ளரோடை சேர்ந்திட்டான்."

தம்பிக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். என்னுடைய கடைசிச் சகோதரம். அகதிக் கேஸ் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சின்ன அறையில் இருந்துகொண்டு பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தான். வருவான், சாப்பிடுவான், படுப்பான், எழும்பிப் போவான். ஒரு சொல்லுக்கு மேலே கதைக்க மாட்டான். சாப்பாடு எப்படி என்று கேட்டால் "ஓம்" என்பான். அது பதிலா என்றுகூட யோசிக்காத அளவுக்கு அவன் எங்கேயோ இருந்தான்.

அன்றைக்கு மத்தியானம் முழங்கால் வரை சேறோடு கதவடியில் நின்று சிரித்தான். அவனுடைய முன்பல்லில் ஒரு சின்ன உடைவு இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவ்வளவு காலமாயிற்று அவன் சிரித்து.

"அவுஸ்திரேலியாக்காரற்ற ஃபுட்போல் அக்கா," என்றான். பிறகு தானாகவே கதைத்தான். அந்தக் குழுவின் கோச் தன் வானுக்குப் பெற்றோல் அடிக்க வருகிறவராம். ஒருநாள் மேல்தட்டிலே இருந்த எண்ணெய் ரின்னை இவன் ஏணி வைக்காமல் ஒரே பாய்ச்சலில் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு, "நீ சனிக்கிழமை பார்க்குக்கு வா" என்றாராம். தம்பி பள்ளிக்கூடத்திலே கரப்பந்து விளையாடினவன். வலைக்கு மேலே நெஞ்சு தெரியப் பாய்வான்.

அவன் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அவர்களுடைய போட்டிகள் சித்திரை முடிகிற நேரம்தான் தொடங்கும். அதற்கு முதல் இந்தக் குளிருக்குள் பயிற்சி. பயிற்சிக்கு யாரும் போகலாம். ஆனால் குழுவில் இடம் எல்லோருக்கும் இல்லை. கோச் ஒவ்வொரு சனியும் பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் நிற்கிறவர்களுக்கு ஜேர்சி கொடுப்பார். முதுகிலே இலக்கம் போட்ட ஜேர்சி. அது கிடைத்தவன்தான் விளையாட்டுக்காரன்.

இன்னொன்றும் சொன்னான். அவர்களுடைய சங்கத்தில் ஒரு சட்டமாம். இறங்குகிற எல்லாருமே அவுஸ்திரேலியர்களாக இருக்கக் கூடாதாம், சில பேராவது உள்ளூர்க்காரராக இருக்க வேண்டுமாம்.

"நான் உள்ளூர்க் கணக்கிலை அக்கா."

இவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. "அடே, இதை உன்ர லோயரிட்டைச் சொல்லு! இவன் உள்ளூர்க்காரன் எண்டு அந்தக் கோச் ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தா நாளைக்கே கேஸ் முடிஞ்சிது."

"விடுங்கோ அத்தான்," என்று தம்பியும் சிரித்தான். ஆனால் நான் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்தில் எங்களில் ஒருத்தனை உள்ளூர் என்று சொன்ன இடம் அந்தச் சேறு ஒன்றுதான்.

உள்ளூர்க்காரருக்கான இடங்களைப் பழைய ஆட்களே பிடித்துவிட்டிருந்தார்கள். ஒன்றுதான் மிச்சம். அதற்கு இரண்டு பேர். ஒன்று தம்பி. மற்றவன் ஸ்ட்ரெதத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன், வான் வண்டி ஓட்டுகிறவன், தலை செம்பட்டை. நாங்கள் வீட்டில் அவனைச் செம்பட்டை என்றே சொன்னோம்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் தைத்ததைவிடப் பிரித்ததுதான் கூட. கண் துணியில் நிற்காது. தம்பி இரவு வேலை முடித்து வந்து, இரண்டு பாண் துண்டைக் கடித்துவிட்டுப் படுக்காமலேயே இறங்கிப் போவான். எல்லாருக்கும் முதல் போய்ச் செம்மஞ்சள் கூம்புகளை வரிசையாக வைப்பான். பந்துச் சாக்கைத் தூக்குவான். செம்பட்டை எல்லாரும் ஓடத் தொடங்கின பிறகு வருவான். வந்து ஒவ்வொருத்தன் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டுவான், ஏதோ சொல்வான், கூட்டம் சிரிக்கும். கோச்சும் சிரிப்பார்.

அந்த விளையாட்டில் பந்தை உயரத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். முன்னுக்கு நிற்கிறவனுடைய முதுகிலே முழங்காலை ஊன்றி ஏறிப் பிடித்தாலும் பிழையில்லையாம். தம்பிக்குப் பாய்ச்சல் வந்தது, பிடி வரவில்லை. பந்து மேலே வந்ததும் கரப்பந்துப் பழக்கத்தில் கை தானாகவே அதைக் குத்தி அனுப்பிவிடும். முதலில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கோச் அவனைக் கூப்பிட்டுப் பின்பக்கம் கோல் கம்பங்களுக்குக் கிட்ட நிறுத்தினார். எதிர்ப்பக்கத்தில் உயரமானவன் பிடிக்க வருகிற பந்தை அவன் கைக்குப் போகாமல் குத்திவிடுகிற வேலை. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சிக்கென்று இரண்டாகப் பிரிந்து விளையாடும்போது செம்பட்டையிடம் போகிற பந்து ஒன்றையும் தம்பி விடவில்லை. செம்பட்டை கையை விரித்துக்கொண்டு நிற்பான். ஒரு கறுத்த கை அவன் தலைக்கு மேலாலே வந்து பந்தை எடுத்து எறியும். நான் மெசினில் கால் வைத்தபடி அப்படியே இருப்பேன்.

"உம்மட தம்பி ஒருத்தன்ர முதுகிலை முழங்காலை வைச்சிட்டு இறங்கேக்கை 'சொறி' எண்டு சொல்லுறான்," என்றார் இவர். ஒருநாள் கீழே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஒவ்வொரு தரமும். அவங்கள் ஆளை இடிச்சு விழுத்திப்போட்டுத் திரும்பியும் பாக்கிறாங்கள் இல்லை. இவன் கை குடுத்து எழுப்பி, தூசும் தட்டிவிடுறான்."

"அதிலை என்ன பிழை?"

"பிழை எண்டு நான் சொன்னனானோ?"

தம்பியைப் பற்றிக் கோச்சுக்கு ஒரு குறைதான் இருந்தது. அவன் சத்தம் போடுவதில்லை. பந்து வரும்போது "எனக்கு, எனக்கு" என்று கத்திக் கேட்க வேண்டுமாம். கேட்காதவனுக்குப் போடமாட்டார்களாம். அதைக் கேட்டுவிட்டு இவர் தம்பியைக் குசினிக்குள் நிறுத்திப் பழக்கினார்.

"கத்தடா பாப்பம்."

தம்பி ஏதோ வாய்க்குள் சொன்னான்.

"இது கோயில் இல்லை. அங்கை நிக்கிறவனுக்குக் கேக்க வேணும். பந்து என்ர எண்டு கத்து!"

"வந்தா எடுக்கிறன்தானே அத்தான். ஏன் கத்துவான்?"

"டேய், நீ எடுப்பாய் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தாத் தெரியாதே?"

இவர் தலையில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கட குடும்பத்திலை ஒருத்தருக்கும் தொண்டையை வைக்காமல்தான் படைச்சவன் போலை."

பங்குனி கடைசியில் தம்பி ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். புது ஜேர்சிகள், கடும் நீலம். இலக்கங்கள் வெள்ளைத் துணியில் தனியாக வெட்டிக் கிடந்தன. என்னுடைய அக்கா தைப்பா என்று இவனே சொல்லியிருக்கிறான். தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தெரியாதவன் என்னைப் பற்றி நல்லாய்ச் சொல்லியிருக்கிறான்.

கம்பனித் துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தைத்தேன். பழைய ஆட்கள் தங்களுக்கு விருப்பமான இலக்கங்களைச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவரும் கேட்காமல் கடைசியாகக் கிடந்தது இருபத்தெட்டு. அதுதான் அந்த மிச்ச இடத்துக்கு. இவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கடைசியிலை எட்டு. சனியன்ர இலக்கம்," என்றார்.

"எனக்குக் கிடைச்சா நான் சனியனையும் போடுவன்," என்றான் தம்பி. அப்போதுதான் எனக்கு அவன் எவ்வளவு ஆசைப்படுகிறான் என்று தெரிந்தது. அவன் எதையும் எனக்கு வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் "கிடைச்சா" என்றுதான் சொன்னான்.

தைக்கிறவர்களுக்குத் தெரியும், இரண்டும் எட்டும் பொல்லாத இலக்கங்கள். ஒன்றும் ஏழும் என்றால் நேரே ஓட்டிவிடலாம். இரண்டில் வளைவு. எட்டில் வெளிவளைவு போதாதென்று உள்ளே இரண்டு ஓட்டை. இழுபடுகிற துணியில் சுருக்கம் விழாமல் அதைச் சுற்றி வர வேண்டும். மற்ற ஜேர்சிகளுக்கு ஒரு தையல் போட்டேன். இருபத்தெட்டுக்கு மட்டும் இரண்டு. உள்ளே ஒன்று, ஓரத்தில் ஒன்று. தம்பி பக்கத்திலே நின்று பார்த்தான். துணிக்கு மேலாலே கையால் ஒரு தரம் தடவிவிட்டுப் போனான்.

ஜேர்சி கொடுக்கிறதுக்கு முதல் சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் ஒவ்வொருத்தராகக் கம்பத்தடிக்குக் கூப்பிட்டுக் கதைத்தார். நான் ஜன்னலில் நின்றேன். முதலில் செம்பட்டை. அவன் கையை ஆட்டினான், நெஞ்சிலே தட்டினான், கம்பத்தைக் காட்டினான், பிறகு எங்கள் தம்பி நிற்கிற பக்கத்தைக் காட்டித் தலையை ஆட்டினான். நெடுநேரம் கதைத்தான். கோச் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தம்பி போனான். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பெரிய வாத்தியார் முன்னாலே நிற்கிற மாதிரி நின்றான். கோச் ஏதோ கேட்டார். இவன் ஏதோ சொன்னான். கோச் இவனையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் வரும் என்று எதிர்பார்க்கிற மாதிரி. இவன் சிரித்தான். கோச் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். அடுப்பிலே வைத்த பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

மேலே வந்தவனிடம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"என்னவாம்?"

"ஒண்டும் இல்லை அக்கா. ரெண்டு பேர் இருக்கிறீங்கள், ஒரு இடம்தான், அவனை விட்டிட்டு உன்னை ஏன் எடுக்க வேணும், சொல்லு எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனீ?"

"ரெண்டு பேரும் நல்லாத்தான் விளையாடுறம், உங்களுக்குத் தெரியும்தானே, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ எண்டு சொன்னன்."

இவர் சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். "அப்பிடியே சொன்னனீ?"

"ஓம். வேறை என்னெண்டு சொல்றது?"

"அவனை விட நான் நல்லவன் எண்டு சொல்லுறது! அவனுக்கு வாற பந்தெல்லாம் நான்தான் குத்தினனான் எண்டு சொல்லுறது!"

"அதை நானோ சொல்றது அத்தான்? அவர் கண்ணாலை கண்டவர்தானே."

எனக்கு அவனில் பிழை தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. எங்களுக்குள்ளே "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்று ஒருத்தன் சொன்னால், கேட்டவருக்கு அது பெரிய பாரம். உங்களை நம்பிவிட்டேன், இனி உங்கள் நீதி என்று சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு அந்த மனிதர் அவனைத் தள்ளிவிட்டுப் போக முடியாது, முகம் பார்க்கக் கூசும். அந்தக் கோச்சுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று கேட்டிருக்கும். தன்னைத் தானே விற்கத் தெரியாதவனுக்கு ஆசையே இல்லை என்று நினைக்கிற ஊர் இது. நானும் தையல் கம்பனியில் வேலை செய்த காலத்தில் அதைப் பார்த்தவள். மேசைக்கு மேசை போய் நான் செய்தேன், நான் செய்தேன் என்று சொன்னவள் மேற்பார்வைக்குப் போனாள். அவள் தைத்ததைப் பிரித்துத் திருப்பித் தைத்தவள் நான்.

எங்கள் ஆட்களிலும் நான் நான் என்று மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் நல்லாய்ப் பிடித்துப்போயிற்று.

ஜேர்சி கொடுக்கிற நாளுக்கு நான் கீழே போனேன். தைத்தவள் வர வேண்டும் என்று கோச் சொல்லி அனுப்பியிருந்தார். போக மனமில்லை. ஆனால் அந்த இருபத்தெட்டை அவன் தலைக்கு மேலாலே போடுவதைக் கிட்ட நின்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. மீன் பற்றிஸ் பொரித்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனேன். சாறிக்கு மேலே இவருடைய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மரவாங்கின் நுனியில் இருந்தேன். கிட்டப் பார்த்தால் எல்லாரும் ஜன்னலில் தெரிந்ததைவிடப் பெரிய ஆட்கள்.

கோச் ஒவ்வொரு ஜேர்சியாக எடுத்து உயர்த்திக் காட்டி ஆளைக் கூப்பிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். பை மெலிந்துகொண்டே வந்தது. கடைசியாக இருபத்தெட்டு. என்னுடைய இரட்டைத் தையல் வெயிலில் தெரிந்தது. கோச் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. தம்பி ஒரு காலை முன்னுக்கு வைத்து நின்றதைக் கண்டேன். பிறகு அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்ததையும் கண்டேன்.

செம்பட்டை போய் வாங்கினான்.

முதலில் கை தட்டினவன் என் தம்பி. சத்தமாகத் தட்டினான். பிறகுதான் மற்றவர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோச் தம்பியை நடுவுக்குக் கூப்பிட்டுத் தோளிலே கை போட்டார். ஒரு மஞ்சள் மேற்சட்டையும், தண்ணீர்ப் போத்தல்கள் செருகின கூடை ஒன்றும் கொடுத்தார். விளையாட்டு நடக்கும்போது ஓடிப் போய்த் தண்ணீர் கொடுக்கிற வேலை. இந்தக் குழுவின் இதயம் இவன்தான் என்று சொன்னாராம். அதற்கும் கை தட்டினார்கள். தம்பி மேற்சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டான். அது அவனுக்குத் தொளதொளத்தது.

பிறகு கோச் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜேர்சியைக் காட்டி, நல்ல வேலை, அழகான வேலை என்றார். நெஞ்சுக்குள்ளே எவ்வளவோ வந்தது. வாயில் வந்தது "தாங்க்யூ". செம்பட்டை பெட்டியில் இரண்டு பற்றிஸ் எடுத்தான். ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு எனக்குக் கட்டை விரலைக் காட்டினான். நான் அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு ஏறி வந்து சொன்னேன். "நாளைக்கு அந்த மஞ்சள் சட்டையைத் திருப்பிக் குடுத்திட்டு வா."

"ஏன் அக்கா? அது மரியாதை இல்லை."

"ஆருக்கு மரியாதை இல்லை?"

அவன் அந்தச் சட்டையைக் கழற்றி மடித்தான். "செம்பட்டை நல்லவன் அக்கா," என்றான். செம்பட்டை திரும்பி வரும்போது இவனிடம் தானாகவே சொன்னானாம், 'நான் கோச்சிட்டை உன்னைப் பற்றிக் கொஞ்சம் குறைவாய்ச் சொல்லிப்போட்டன், இடிக்கப் பயப்பிடுகிறவன் எண்டு சொல்லிப்போட்டன், ஒண்டும் மனசிலை வைச்சிருக்காதை' என்று. சொல்லிவிட்டு ஒரு சோடாவும் வாங்கிக் கொடுத்தானாம்.

"நீ குடிச்சனீயோ?"

"ஓம். வாங்கித் தந்தா வேண்டாம் எண்டு சொல்லேலுமே?"

இவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. எழும்பிப் போய் ரீவியைப் போட்டார்.

போட்டிகள் தொடங்கின. பாதி எங்கள் பார்க்கில்தான். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தைக்கப் பார்த்தேன், இருட்டடித்தது. மெசினைத் திருப்பிப் போட்டேன். இருபத்தெட்டு பின்பக்கம் நின்றது. அதன் தலைக்கு மேலாலே பந்து போனது, பல தரம் போனது. ஒவ்வொரு தரமும் ஓரத்திலே ஒரு மஞ்சள் சட்டை இருந்த இடத்தில் பாய்ந்துவிட்டு நிலத்துக்கு வந்தது. கை பாதி உயர்ந்து இறங்கும். அதை வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனியில் ஒருநாள் தம்பி ஒரு சின்னப் பையோடு வந்தான். மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அக்கா, இலக்கம் கழண்டு போச்சாம். ஒருக்காத் தைச்சுத் தரட்டாம்."

எடுத்துப் பார்த்தேன். கழன்றிருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். யாரோ பின்னாலே பிடித்து இழுத்திருக்கிறார்கள். என்னுடைய தையல் இரண்டும் அப்படியே இருந்தன. தையலைச் சுற்றி ஜேர்சித் துணிதான் கிழிந்திருந்தது. எட்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு இருந்தது.

"ஏலாது," என்றேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். இவரும் பேப்பரை இறக்கிப் பார்த்தார். அந்த வீட்டில் நான் அந்தச் சொல்லைச் சொல்லி அவர்கள் கேட்டிருக்கவில்லை. நானே கேட்டிருக்கவில்லை.

"என்னக்கா?"

"என்னாலை ஏலாது. கொண்டுபோய்க் குடு. அக்கா ஏலாது எண்டு சொன்னவ எண்டு சொல்லு."

"எப்பிடியக்கா சொல்றது?"

"வாயாலைதான்."

போய்ச் சொல்வான் என்று நினைத்தேன். ஒரே ஒரு தரம், எனக்காகவாவது போய்ச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் என்னுடைய தையல் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்து நூலைக் கோர்த்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, செம்பட்டையின் ஜேர்சியை மடியில் விரித்துத் தானே தைக்கத் தொடங்கினான். ஒரு தையல் நீளம், ஒரு தையல் கட்டை. விரலில் குத்திக்கொண்டான். ஸ்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை, விரலை வாயில் வைத்துவிட்டுத் திருப்பித் தைத்தான்.

"நீராவது வாங்கித் தையுமன்," என்று இவர் மெதுவாய்ச் சொன்னார்.

நான் எழும்பிப் போய் அரிசி கழுவினேன்.

தம்பி இப்போது இந்த நகரத்தின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேன் பக்கம் இருக்கிறான். கேஸ் பிறகு சரிவந்தது, வீடு வாசல் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. இந்தக் கதையைத் தொடங்கினால், "அக்கா, அது ஒரு விளையாட்டுத்தானே, இன்னும் வைச்சிருக்கிறியளே" என்று சிரிக்கிறான். வைத்திருக்கிறேன்தான். அவன் வைத்திருக்காததை யாராவது வைத்திருக்க வேண்டாமா?

தைத்துக் கொண்டுபோன அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். வீட்டுக்குள்ளே புழுக்கம் தாங்காமல் குசினி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பார்க்கின் சத்தமெல்லாம் அந்த வருசத்தில் முதல் தரமாக உள்ளே வந்தது. இருபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நேராக நின்றது. எட்டு சரிந்து, விழப்போகிற ஆளைப் போல இரண்டின் மேலே சாய்ந்திருந்தது. பந்து உயர்ந்து வந்தது. செம்பட்டை பந்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஒரு குரல் கேட்டது. பெரிய குரல். பார்க்கின் அந்தப் பக்கத்து மரங்கள் வரைக்கும் போயிருக்கும். பந்து உன்னுடையது, பாய்ந்து பிடி, உன்னுடையது என்று இங்கிலீசில் அடித்தொண்டையால் கத்துகிற குரல். எனக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை. அப்படி ஒரு குரல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை. ஓரக்கோட்டைப் பார்த்தேன். மஞ்சள் சட்டை, கையிலே தண்ணீர்க் கூடை, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறான் என் தம்பி.

செம்பட்டை திரும்பினான், பாய்ந்தான், பிடித்தான். எல்லாரும் ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். தம்பி கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலே ஓடினான்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புழுக்கத்துக்குள்ளேயே இருந்து தைத்தேன்.